ஒன்றைப் போட்டுச் சரிபார்த்த கணக்கு

கணக்கு வாத்தியார் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது. இன்னும் எத்தனையோ வகுப்புகள் உங்களுக்கு மிச்சமிருக்கின்றன, அதனால் பொறாமை. அவற்றில் ஏதோ ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்று, நீங்கள் சொல்லிக்கொடுத்ததையே உங்களிடம் திருப்பிச் சொல்லி வாயடைக்க வைக்கப் போகிறது, அதனால் பாவம். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று பயிற்சிக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்னொருவர் செய்ததைப் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அறுபதுகளின் கடைசி. தருமபுரி தனி மாவட்டமாகி அதிக நாள் ஆகவில்லை. மொரப்பூருக்குப் பக்கத்தில், ரயில் போகிற சத்தம் வகுப்புக்குள் கேட்கிற தூரத்தில், ஒரு மிஷன் உயர்நிலைப் பள்ளியில் கீழ் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கச் சேர்ந்தேன். பிள்ளைகளில் பாதிப் பேர் வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பேர் சுற்றுக் கிராமங்களிலிருந்தும், இரண்டு மூன்று பேர் சித்தேரி மலையிலிருந்தும் வந்து படித்தார்கள்.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஒரு டீச்சரிடம் இருந்தது. அவர் பெயரை எழுதப் போவதில்லை. தன்னைப் பற்றி யாராவது நாலு நல்ல வார்த்தை சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சுபாவம் அவருக்கு. என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் மூத்தவர். சொந்த ஊர் இண்டூர். அங்கே அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். டீச்சரின் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்தச் சம்பளமும் அப்போது நிச்சயமில்லை, ஏனென்றால் அவர் தகுதிகாண் பருவத்தில் இருந்தார். ஆண்டாய்வுக்கு வருகிற அதிகாரி அவர் பாடம் நடத்துவதைப் பார்த்துவிட்டு "திருப்தி" என்று எழுதினால் வேலை நிலைக்கும். எழுதாவிட்டால் கோடை விடுமுறைக்கு மூட்டை கட்டுகிறவர் திரும்பி வர வேண்டியதில்லை. பள்ளியில் எல்லாருக்கும் இது தெரியும். பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அந்த வாரம் அவர்கள் சேட்டையே செய்யவில்லை.

ஆண்டாய்வு என்றால் அந்தக் காலத்தில் ஒரு கல்யாணக் களைதான். மரத்தைச் சுற்றியிருக்கும் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள். பிள்ளைகள் எண்ணெய் வழியத் தலை சீவி வருவார்கள். முக்கியமான சடங்கு ஒன்று உண்டு: அன்றைக்கு நடத்தப் போகிற பாடத்தை முந்தின வாரமே நடத்தி, கேள்வி இன்னது, பதில் சொல்கிறவர் இன்னார் என்று ஒத்திகை பார்த்துவிடுவோம். மக்குப் பிள்ளைகளை அன்றைக்கு வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடுங்கள் என்பது எங்கள் தலைமையாசிரியரின் உத்தரவு. டீச்சர் ஒருவர் மட்டும் யாரையும் நிறுத்தவில்லை. "வந்தாத்தானுங்களே சார் தெரியும், அவங்களுக்கு என்னா தெரியலைன்னு" என்று தலைமையாசிரியரிடமே சொன்னார். மனிதர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளாதது போலப் போய்விட்டார்.

நடத்த வேண்டிய பாடம், இரண்டு எழுத்து வருகிற இருபடிக் கோவையைக் காரணிப்படுத்துவது. உங்களுக்கு அதை விளக்கப் போவதில்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வீர்கள். டீச்சர் அதை நடத்திய அழகை மட்டும் சொல்கிறேன். நடு உறுப்பை உடைக்கிற இடத்தில்தான் பிள்ளைகள் மிரளும். டீச்சர் கோவையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, y இருக்கிற இடங்களை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "இப்ப இது போன மாசம் போட்டதுதானே?" என்பார். பிள்ளைகள் ஆமாம் என்பார்கள். கையை எடுப்பார். "இப்ப மட்டும் என்னா வந்திருச்சு? அதே வூடுதான், ஒரு ஆள் கூட வந்து குடியிருக்காரு." அத்தோடு பயம் போய்விடும். நான் எத்தனையோ பேர் நடத்திப் பார்த்திருக்கிறேன், அந்தக் கையை யாரிடமும் பார்க்கவில்லை.

விடையைச் சரிபார்க்கவும் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். நாம் எல்லாரும் சொல்லிக்கொடுப்பதுதான். x-க்கு ஒன்று போடு, y-க்கும் ஒன்று போடு. கொடுத்த கோவையில் என்ன எண் வருகிறதோ, நீ எழுதிய விடையிலும் அதே எண் வந்தால் சரி. ஒன்று என்றால் பெருக்குவது சுலபம், பிள்ளைகளும் சட்டென்று போட்டுவிடும். நான் படித்ததும் அப்படித்தான், எனக்குச் சொல்லித்தந்தவர் படித்ததும் அப்படித்தான் இருக்கும்.

அன்று காலை அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், கறுப்புக் குடை, அதிகம் பேசாத ஆள். கணக்குப் படித்தவர் என்று கேள்விப்பட்டிருந்ததால் எங்களுக்கெல்லாம் உள்ளூர உதறல். ஒத்திகையில் இல்லாத நான் எதற்கு அங்கே இருந்தேன் என்றால், பாடம் எப்படி நடத்துவது என்று பார்த்துக்கொள்ளும்படி தலைமையாசிரியர் என்னையும் பின் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்.

டீச்சர் ஒத்திகைக் கணக்கைத் தொடங்கப் போனார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தி, தானே ஒரு கணக்கு சொன்னார்:

6x² + 7xy − 3y²

"யாராச்சும் வந்து போடுங்க" என்றார். கையைத் தூக்கிக்கொண்டு முதலில் எழுந்தவள் பிலோமினா. வகுப்பிலேயே வேகமான பிள்ளை. மற்றவர்கள் நோட்டைத் திறப்பதற்குள் விடை சொல்லிவிடுவாள். பலகையில் நாலு வரி எழுதி வர வேண்டிய கணக்கை மனதுக்குள்ளேயே போட்டுவிட்டு, நேரே விடையை எழுதினாள்:

(3x − 1)(2x + 3)

"நேரா விடையா? சரிபாரு பாக்கலாம்" என்றார் அதிகாரி. அவள் இரண்டுக்கும் ஒன்று போட்டாள். மேலே ஆறும் ஏழும் பதின்மூன்று, மூன்று போனால் பத்து. கீழே இரண்டும் ஐந்தும் பெருக்கினால் பத்து. பத்துக்குப் பத்து என்று எழுதி, அடியில் கோடும் போட்டாள். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் அதிகாரியின் காதருகில் குனிந்து, சாப்பாட்டைப் பற்றியோ ரயிலைப் பற்றியோ ஏதோ சொன்னார். அதிகாரி பத்துக்குப் பத்தைப் பார்த்தார், தலையாட்டினார், அவள் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிப் பக்கத்தில் பெரிதாக ஒரு சரிக்குறி போட்டார். "வெரி குட். உக்காரும்மா."

பின் பெஞ்சில் இருந்த எனக்கும் சரியாகத்தான் பட்டது. பத்தும் பத்தும் பொருந்தியிருக்கும்போது யார் மறுபடி மேலே பார்க்கிறார்கள்? அதிகாரி குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார். தலைமையாசிரியர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பாடம் முடிந்தது, டீச்சருக்கு வேலை நிலைத்தது என்று நானும் முடிவு கட்டிவிட்டேன்.

டீச்சரின் முகம் மட்டும் சரியாக இல்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் டஸ்டர் இருந்தது. அப்போதுதான் நானும் பார்த்தேன். கொடுத்த கோவையில் y இருக்கிறது, விடையில் y என்கிற எழுத்தே இல்லை. சரியான விடை (3x − y)(2x + 3y). பிலோமினா இரண்டு அடைப்பிலும் y-யைத் தொலைத்திருந்தாள். தொலைத்ததை, y-க்கு ஒன்று போட்டுப் பார்க்கிற சரிபார்ப்பு கண்டுபிடிக்கவே முடியாது. ஒன்றால் பெருக்கினாலும் அதே எண்தான், பெருக்காமல் விட்டாலும் அதே எண்தான்.

அந்த இடத்தில் உங்களை நிறுத்தி வைத்துப் பாருங்கள். டஸ்டரை ஒரு இழுப்பு இழுத்தால் போதும். அதிகாரி வெளியே போய்விடுவார், நாளைக்குப் பிள்ளைகளுக்குத் திருத்திச் சொல்லிக்கொள்ளலாம், இண்டூரில் அடுப்பு எரியும். வாயைத் திறந்தால் அதிகாரி போட்ட சரிக்குறியைத் தப்பென்று அவர் முன்னாலேயே சொன்னதாகும், தான் சொல்லிக்கொடுத்த வழியில் ஓட்டை இருப்பதையும் தானே காட்டிக்கொடுத்ததாகும். நானாக இருந்தால் அழித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"பிலோமினா, உக்காராத" என்றார் டீச்சர். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "எக்ஸ் ஒண்ணாவே இருக்கட்டும். ஒய்க்கு ஒண்ணு போட்டுப் பாத்த இல்ல, இப்ப ரெண்டு போட்டுப் பாரு."

அதிகாரி வாசலில் நின்றார். பிலோமினா கோவையில் போட்டாள், எட்டு வந்தது. அடுத்து விடைக்குப் போனாள். சாக்பீஸ் அங்கேயும் இங்கேயும் போனது. பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "போடறதுக்கு ஒய் இல்லீங்களே டீச்சர்" என்றாள்.

ஒரு பையன் சிரிக்க ஆரம்பித்து, பக்கத்தில் இருந்தவன் கிள்ளியதில் நிறுத்திக்கொண்டான். அதிகாரி உள்ளே திரும்பி வந்து பலகை முன் நின்றார். தான் போட்ட சரிக்குறியையும் கணக்கையும் பார்த்தார். பிறகு அவளிடம் கேட்டார்:

"ஒய்யை ஏம்மா வுட்ட?"

"ஒய் ஒண்ணுதானுங்களே சார்" என்றாள் அவள். கொஞ்சமும் பயமில்லை. "ஒண்ணா இருந்தா எழுத வேண்டியதில்லைன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதைக் கவனியுங்கள். ஒரு x என்று சொல்ல 1x என்று எழுதுவதில்லை, வெறும் x போதும் என்று நாம்தான் சொல்கிறோம். y-க்கு ஒன்று போடு என்றும் நாம்தான் தினமும் சொல்கிறோம். கெட்டிக்காரப் பிள்ளை, இரண்டையும் சேர்த்துக்கொண்டது. தினமும் ஒன்றாகவே இருக்கிற ஆள் எப்போதும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டது. கவனக்குறைவு என்று இதைச் சொல்ல மாட்டேன். கவனமாகக் கேட்ட பிள்ளைதான் இந்தத் தப்பைச் செய்ய முடியும்.

தலைமையாசிரியர் "ஏய், என்னா பேச்சு இது" என்று அதட்டினார். டீச்சர் குறுக்கே வந்தார். "அவளைச் சொல்லாதீங்க சார். அவ நான் சொன்னதைத்தான் செஞ்சிருக்கா." பிறகு அதிகாரியிடம், "ஒண்ணு போட்டா ஒய் தொலைஞ்சது தெரியாதுன்னு எனக்கே இப்பத்தானுங்க ஐயா தெரிஞ்சுது. பாடம் முடியலீங்க" என்றார்.

அதிகாரி தலையை ஒரு தரம் அசைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். அவர் முகத்தில் இருந்தது கோபமா யோசனையா என்று யாருக்கும் பிடிபடவில்லை.

இடைவேளையில் தலைமையாசிரியர் ஆசிரியர் அறைக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை, டீச்சரின் வேலைக்காக அவரும்தான் தவித்துக்கொண்டிருந்தார். "கையில டஸ்டர் இருந்துதே அம்மா. ஒரு இழுப்பு இழுத்து வுட்டிருந்தா முடிஞ்சிருக்குமே" என்றார்.

"பலகையில அழிச்சிருக்கலாங்க சார்" என்றார் டீச்சர். "ஐயா கையால சரி போட்டதைப் புள்ளைங்க பாத்துட்டாங்க. நாளைக்கு நான் போய் அது தப்புன்னு சொன்னா, எனக்குத்தான் தெரியலைன்னு நெனப்பாங்க. அந்த நிமிசத்துல சொன்னாத்தான் உண்டு."

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. தப்பைத் திருத்துவதற்கு நாளைக்கும் நேரம் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சில தப்புக்கு இருக்கும், சில தப்புக்கு இருக்காது. எது எந்த வகை என்று அந்த அரை நிமிஷத்தில், அதுவும் தன் பிழைப்பே ஆடிக்கொண்டிருந்தபோது, அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த நிதானத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

டீச்சர் இன்னொன்றும் செய்தார். அடுத்து அந்த வகுப்புக்குப் போன தமிழாசிரியரிடம் பலகையை அழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் பெரிய மனசு பண்ணி, பலகைப் பக்கமே போகாமல் செய்யுளை முழுக்க வாயாலேயே நடத்திவிட்டு வந்து, "உன் கணக்கைப் பாத்துப் பாத்து எனக்கே பாதி வந்திருச்சும்மா" என்றார். அன்று டீச்சர் சிரித்தது அந்த ஒரு முறைதான். மதியச் சாப்பாட்டைத் திறந்து வைத்து, மூடி வைத்துவிட்டார்.

சாப்பாட்டு நேரம் முடிகிற சமயத்தில் பியூன் வந்தார். "ஒம்பதாம் வகுப்பை மறுக்கா உக்காரச் சொன்னாருங்க ஐயா. டீச்சரையும் வரச் சொன்னாருங்க." விளையாட்டு மைதானத்திலிருந்து பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு வந்தோம். அதிகாரி இந்த முறை முன்னால் போட்டிருந்த நாற்காலியில் உட்காரவில்லை. பின் பெஞ்சுக்கு வந்து, என்னைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். தலைமையாசிரியர் வாசலிலேயே நின்றுகொண்டார். மொரப்பூரில் ரயில் கிளம்புகிற சத்தம் கேட்டது. அதிகாரி போக வேண்டிய ரயில் அதுதான் என்று தலைமையாசிரியர் சைகையில் காட்டினார். அதிகாரி பார்க்காதது போல இருந்துவிட்டார்.

டீச்சர் காலைக் கணக்கைத் தொடவில்லை, சரிக்குறி உட்பட எல்லாம் அப்படியே இருந்தது. பக்கத்தில் புதிதாக ஒன்று எழுதினார்:

2x² − 5xy − 12y²

மலையிலிருந்து வருகிற பையன் ஒருவனைக் கூப்பிட்டார். ஆய்வு நாளில் நிறுத்திவிடும்படி தலைமையாசிரியர் சொன்ன பிள்ளைகளில் அவனும் ஒருவன். அவன் மெதுவாக, ஒரு வரி விடாமல், நடு உறுப்பை உடைத்துப் போட்டான். (2x + 3y)(x − 4y) என்று வந்தது. ஒவ்வொரு y-யையும் எழுதும்போது டீச்சரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"சரியா தப்பான்னு நான் சொல்லப் போறதில்ல" என்றார் டீச்சர். "ஒய்க்கு என்னா போட்டுப் பாக்கலாம்? நீங்களே சொல்லுங்க." ஒருத்தன் இரண்டு என்றான். இன்னொருத்தன் நூறு என்றான், வகுப்பே அவனை முறைத்தது. பிலோமினா காலையிலிருந்து வாயைத் திறக்கவில்லை. இப்போது எழுந்தாள்.

"ஏழு போடலாங்க டீச்சர்."

"ஏன் ஏழு?"

"ஒண்ணுன்னா, இருந்தாலும் தெரியாதுங்க, இல்லாட்டியும் தெரியாதுங்க. ஏழுன்னா, காணாமப் போனா தெரிஞ்சிருங்க."

என் பக்கத்தில் இருந்தவர் லேசாக அசைந்தார். பையில் இருந்த துண்டுக் காகிதத்தை எடுத்து, எல்லாப் பிள்ளைகளையும் போலத் தானும் ஏழு போட்டுப் பெருக்க ஆரம்பித்தார். முடித்துவிட்டு, "மைனஸ் அறுநூத்தி இருவத்தொண்ணு. ரெண்டு பக்கமும் அதான் வருது" என்று சொல்லிவிட்டார். பிலோமினா திரும்பி, "நாங்க இன்னும் முடிக்கலீங்க சார், இருங்க" என்றாள். தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி இருந்தார். எல்லாப் பிள்ளைகளும் முடிக்கும் வரை பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து முன்னால் போய் டீச்சரிடம் சாக்பீஸைக் கேட்டு வாங்கினார். காலைக் கணக்கின் பக்கத்தில் தான் போட்டிருந்த சரிக்குறியின் மேல், அதே அளவுக்குப் பெரிதாக, குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"இதுக்குச் சரி போட்டது நான்" என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார். "உங்க டீச்சர் சொல்லலைன்னா போட்டுட்டுப் போயிருப்பேன். நான் வாத்தியாரா இருந்தப்ப நானும் ஒண்ணு போட்டுத்தான் பாக்கச் சொல்லிக் கொடுத்தேன். என்கிட்டப் படிச்ச புள்ளைங்க எத்தனை பேர் ஒய்யைத் தொலைச்சாங்களோ, தெரியல."

சாக்பீஸை டீச்சரிடம் கொடுத்துவிட்டு, வாசலில் நின்ற தலைமையாசிரியரிடம், "இந்தம்மாவை உறுதி பண்ணிருங்க. நான் எழுதிடறேன்" என்றார். குடையைப் பெஞ்சிலேயே மறந்துவிட்டுப் போனதால் நான்தான் பின்னால் ஓடிக் கொடுத்தேன். அடுத்த ரயிலுக்கு வெகு நேரம் இருந்தது. வெயிலில் ஸ்டேஷனைப் பார்த்து நடந்துகொண்டிருந்தவர் குடையை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாரே தவிர விரிக்கவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது. ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே போனார் என்று நினைக்கிறேன்.

நான் வகுப்புக்குத் திரும்பி வந்தபோது டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், வியர்வையா அழுகையா என்று நான் பார்க்கவில்லை. பிலோமினா மேசை மேல் இருந்த டஸ்டரை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் போய், அங்கேயே நின்று கேட்டாள்.

"இப்ப அழிக்கலாங்களா டீச்சர்?"

"இப்ப அழி" என்றார் டீச்சர்.